வாளியை ஊற்றினால் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும்

"நேற்றுத்தானே தம்பி எல்லாத்தையும் கவிட்டு ஊத்தினனான், பிறகெப்பிடிக் குடம்பி வந்தது?"

மார்கழியில் யாழ்ப்பாணத்தில் வளவு வளவாக நுளம்பு தேடிப் போகிற எவருக்கும் இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று. கேட்கிற அம்மா பொய் சொல்லவில்லை. வாளியை ஊற்றியது உண்மை. இரவு மழையில் அது திரும்ப நிரம்பியதும் உண்மை. குடம்பியாக, அதாவது தண்ணீரில் நெளியும் நுளம்புப் புழுவாக, பொரிக்கும் முட்டை மட்டும் தண்ணீரோடு போகவில்லை. அது வாளியின் சுவரிலேயே இருந்தது.

டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரம் பிடித்த சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். இட்டவுடன் வெள்ளையாக இருக்கும் முட்டை சில மணி நேரத்தில் கறுத்துவிடும். நீளம் ஒரு மில்லிமீற்றர்கூட வராது. பார்க்க வேண்டுமென்றால் ஒரு கிழமையாகத் தண்ணீர் நின்ற வாளியை வெயிலுக்குக் கொண்டுவந்து, தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, உள்பக்கத்தைச் சரித்துப் பிடியுங்கள். தண்ணீர் நின்ற மட்டத்தில் பாசிக்கோடு ஒன்று இருக்கும். அதற்கு ஒரு விரற்கடை மேலே மிளகாய்த்தூள் கருகியதுபோலச் சிறு கறுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். தூசி என்றால் விரலால் தட்டப் போய்விடும். இவை போகா. நகத்தால் சுரண்டினால்தான் வரும். அந்த வாளியை ஒரு தடவை அலசி ஊற்றினாலும் பத்துத் தடவை அலசி ஊற்றினாலும் பலன் ஒன்றுதான்.

இதைவிட மோசமான சங்கதி, அந்த முட்டை காய்ந்தாலும் சாவதில்லை என்பது. உள்ளே குடம்பி முழுதாக வளர்ந்த பிறகு முட்டை காய்ந்தால், மாதக்கணக்கில், ஆறு மாதம் வரைகூடத் தாக்குப் பிடிக்கும். திரும்பத் தண்ணீர் தொட்டதும் பொரித்துவிடும். எங்கள் ஊரின் காலநிலைக்கு இது எவ்வளவு தோதாக அமைந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. பெரும்பகுதி மழை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. சித்திரையில் கொஞ்சம் பெய்யும், பிறகு நீண்ட வெயில். கொட்டிலுக்குப் பின்னால் கிடக்கும் டயருக்குள் சித்திரை மழையில் ஒட்டிய முட்டை ஐப்பசி வரை காத்திருக்கலாம். முதல் மழை விழுந்த எட்டாம் நாள் நுளம்பு பறப்பதைப் பார்த்து "எங்கையிருந்து வந்தது" என்று கேட்கிறோம். அது எங்கிருந்தும் வரவில்லை, வளவுக்குள்ளேயே இருந்தது. ஆகையால் மழைக்குப் பிறகு தொடங்கும் துப்புரவு பிந்திய துப்புரவு. புரட்டாதியில், எல்லாம் காய்ந்து கிடக்கும்போது தேய்ப்பதுதான் பெரிய வேலை. அந்த நேரம் ஒருவரும் நுளம்பைப் பற்றி நினைப்பதில்லை.

தேய்ப்பது எப்படி என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும். ஈரத் துணியால் துடைப்பது காணாது. தேங்காய்ப் பொச்சு அல்லது சட்டி தேய்க்கும் இரும்புத் தும்பு எடுத்து, அடியில் தொடங்கி விளிம்பு வரை, விளிம்பின் உள்மடிப்புக்குள்ளும் அழுத்தித் தேயுங்கள். வாளியின் பிடி பொருந்தும் காதுக்குக் கீழேயும், பரலின் உடம்பில் ஓடும் வளையத்திலும் முட்டை நன்றாக ஒளிந்திருக்கும். கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாமல் வெயில் படும் மணலில் ஊற்றினால் குடம்பி அங்கேயே செத்துவிடும். ஊற்ற முடியாத பெரிய சீமெந்துத் தொட்டி என்றால், தண்ணீர் குறைந்திருக்கும் நாளாகப் பார்த்து, வீட்டுப் பாவனைக்கான திரவ பிளீச்சில் சவர்க்காரத் தூளைக் குழைத்துக் களிபோல ஆக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலுள்ள சுவரில் பூசுங்கள். கால் மணி நேரம் விட்டுப் பொச்சால் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச் முட்டையின் ஓட்டைக் கரைத்துவிடும். மலசலகூடம் கழுவும் அமிலத்தை மட்டும் அதோடு சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். குடிதண்ணீருக்குப் போடும் அளவு குளோரின் முட்டையை ஒன்றும் செய்யாது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

கிழமைக்கு ஒருமுறை என்று கணக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வெப்பநிலையில் முட்டை பொரித்து, குடம்பி நான்கு பருவம் வளர்ந்து, காற்புள்ளிபோல வளைந்த கூட்டுப்புழுவாகி, இரண்டு நாளில் நுளம்பாகப் பறக்க ஏழெட்டு நாள் போதும். பத்து நாளுக்கு ஒருமுறை கழுவுகிற வீடு ஒவ்வொரு தடவையும் ஒரு தலைமுறையைப் பறக்கவிட்டு விட்டுத்தான் கழுவுகிறது. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் பழக்கம் இருக்கிற வீடுகளில் இதையும் அதோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.

"எங்கட கிணத்துத் தண்ணி உவர். அதில நுளம்பு வராது." கரையோரத்துக் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் இந்தப் பேச்சை இன்னமும் கேட்கலாம். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்படியே மனதில் நிற்கிறது. 2011இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் எஸ். என். சுரேந்திரன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டது. கரையோரத்தில் எறிந்து கிடந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களிலும், கைவிட்ட மீன்பிடி வள்ளங்களிலும், பாவிக்காத கிணறுகளிலும் டெங்கு பரப்பும் இனங்களான ஈடிஸ் ஈஜிப்டி, ஈடிஸ் அல்போபிக்டஸ் இரண்டின் குடம்பிகளும் உவர்நீரில் வளர்வதை அவர்கள் கண்டார்கள். அந்தத் தண்ணீரின் உப்பு லீற்றருக்கு 2 முதல் 15 கிராம் வரை. கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம். பாதிக் கடல் என்று சொல்லக்கூடிய தண்ணீரிலும் அது தாக்குப் பிடிக்கிறது.

இந்தக் கணக்குக்கு அடுப்படியிலும் வேலை உண்டு. எறும்பு ஏறாமல் அலுமாரிக் காலுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்வார்கள். சிட்டிகையை விடுங்கள், பத்து லீற்றர் வாளியில் ஒரு பிடி, ஐம்பது கிராம் என்று வைத்தாலும், லீற்றருக்கு 5 கிராம்தான் வரும். அதில் குடம்பி சுகமாக வளரும். உப்பை நம்பாமல் கிண்ணத்துக்குப் பழைய எண்ணெய் விடுங்கள், அல்லது கிழமைக்கு ஒருமுறை தேய்த்து மாற்றுங்கள்.

கரையில் ஏற்றி விட்ட வள்ளத்தைக் கவிழ்த்து வைப்பதுதான் நல்லது. கவிழ்க்க ஆள் பலம் இல்லையென்றால் முன்முனையான அணியத்துக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்தி, தண்ணீர் ஒரு பக்கத்துக்கு ஓடிச் சேரும்படி வைத்து, கிழமைக்கு ஒருமுறை அள்ளி, சேர்ந்த இடத்தைத் தேயுங்கள். தறப்பாளால் மூடுகிறவர்கள் அதைத் தொய்வாகக் கட்டினால் தறப்பாளே தொட்டியாகிவிடும். நடுவில் ஒரு தடி கொடுத்துக் கூரைபோல இழுத்துக் கட்ட வேண்டும். உடைந்த றெஜிபோம் மீன்பெட்டி, மிதப்புக்கு வெட்டிய கான் துண்டு எல்லாவற்றையும் ஒரு சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டி வைத்துவிடலாம்.

ஊருக்குள் வந்தால் தேடவேண்டிய இடங்கள் வேறு. சிரட்டை, யோகட் கப், டயர் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விடுவோம். கண்ணுக்குத் தப்புவது எது என்பதுதான் முக்கியம். மதிலின் மேல் பதித்த போத்தல் ஓடுகள் அப்படித் தப்புவது. ஒவ்வொரு போத்தல் அடியும் ஒரு கரண்டித் தண்ணீர் பிடிக்கும், முப்பது அடி மதிலில் நூறு கிண்ணம் இருக்கும். சீமெந்துக் கரைசலை ஊற்றி நிரப்பிவிட்டால் ஒருநாள் வேலையோடு முடிந்தது. வேலிக்கு நட்ட இரும்புக் குழாயின் திறந்த வாய்க்கு மணல் போட்டு மேலே சீமெந்து பூசுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால், அடியில், வடிகிற தண்ணீருக்கு ஒரு தட்டு இருக்கிறது. அதைக் கழற்றலாம் என்பதே பலருக்குத் தெரியாது. மணி பிளான்ட் வைத்த போத்தலில் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வேரையும் பைப்புக்குக் கீழே பிடித்து அலச வேண்டும், வேரிலும் முட்டை ஒட்டும். வெட்டிய இளநீர்க் கோம்பையை நான்காகப் பிளந்து எறிந்தால் தண்ணீர் தங்காது. அரைகுறையாக வெட்டிக் குவித்தால் தங்கும்.

கூரைத் தண்ணீர் ஓடும் பீலியைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், மற்ற எல்லாவற்றையும் சுத்தம் செய்த வீட்டில் நுளம்பு குறையாவிட்டால் பெரும்பாலும் தப்பு அங்கேதான். வேம்பும் மாவும் நிற்கிற வளவில் ஒரே மழையில் சருகு விழுந்து வாய் அடைத்துவிடும். பீலிக்குச் சரிவு பத்தடிக்கு அரை அங்குலமாவது வேண்டும். காலப்போக்கில் தாங்கும் கொக்கி இளகி நடுவில் தொய்யும், அந்தத் தொய்விலே தண்ணீர் நிற்கும். பீலியின் நீளத்துக்கும் ஏணியை மாற்றி மாற்றி வைத்து ஏறிப் பார்க்காமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மழை விட்ட மூன்றாம் நாள், ஒருவரை உயரத்தில் நின்று ஒரு வாளித் தண்ணீரை மேல்முனையில் விடச் சொல்லி, நீங்கள் கீழ்வாயில் நில்லுங்கள். தண்ணீர் உடனே வராமல் கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்பாக வந்தால் உள்ளே சருகு. கொஞ்சம்தான் வந்து நின்றுவிட்டால் தொய்வு. வருகிற தண்ணீரை வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தால் குடம்பியும் சேர்ந்து வரும். திருத்தக் காசு இல்லாவிட்டால் பீலியைக் கழற்றிவிடுவதே மேல். தாழ்வாரத் தண்ணீர் மண்ணில் விழுந்தால் உறிஞ்சிப் போய்விடும், எங்கள் சுண்ணக்கல் நிலம் அதற்கு ஏற்றது.

மேலே ஏற்றிய 1000 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கியில் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று மூடி: காற்றுக்குப் பறந்து போனதை ஓலை வைத்து மூடியிருப்பார்கள். மற்றது வழிந்தோடும் குழாயின் வாய். ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படாத கண் உள்ள நைலோன் வலையை இரட்டையாக மடித்து, பைப் கிளிப்பால் இறுக்குங்கள். றப்பர் பட்டி வெயிலுக்கு மூன்று மாதத்தில் அறுந்துவிடும். மலக்குழியின் காற்றுக் குழாய்க்கும் இதே முறைதான். கழுவ முடியாத தாங்கிக்கு சுகாதாரப் பகுதியினர் குடம்பியைக் கொல்லும் அபேட் மணல் மருந்து தருவார்கள். ஒரு வீத (1%) மருந்தென்றால் பத்து லீற்றருக்கு ஒரு கிராம், 1000 லீற்றருக்கு 100 கிராம். கூடப் போட்டால் கூடப் பலன் என்று நினைத்து அள்ளிப் போடக்கூடாது. அள்ளி அள்ளி நிரப்புகிற தொட்டியில் மருந்து கெதியாகக் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கிணற்றுக்கும் பெரிய தொட்டிக்கும் கப்பி மீன் நல்ல காவல். நீளம் அகலம் ஒரு மீற்றர் உள்ள தொட்டிக்கு ஐந்து முதல் பத்து மீன் காணும். ஆணும் பெண்ணும் கலந்து விட்டால் தானே பெருகும். மீன் விட்டும் குடம்பி குறையவில்லை என்றால் மூன்று காரணம் பாருங்கள். பிள்ளைகள் சோறும் பாணும் போடுகிறார்கள், வயிறு நிறைந்த மீன் குடம்பியைத் துரத்தாது. பாசி அடர்ந்துவிட்டது, குடம்பி அதற்குள் ஒளிகிறது. அல்லது வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டதில் மீன் செத்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. குளோரின் போட முன் மீனைப் பிடித்து வாளியில் வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் திரும்ப விடுங்கள். மிஞ்சிய மீனைக் குளத்தில் கொட்ட வேண்டாம், அது எங்கள் ஊர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும்.

எந்தத் தண்ணீரில் என்ன குடம்பி என்று இனம் காண ஒரு வெள்ளைக் கிண்ணம் போதும். டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகச் சரிந்து, வாற்பக்கத்துக் குறுகிய குழலால் மூச்செடுக்கும். கையின் நிழல் விழுந்தவுடன் பாம்புபோல நெளிந்து அடிக்குப் போய், நெடுநேரம் அங்கேயே நிற்கும். எட்டிப் பார்த்தவுடன் "ஒண்டும் இல்லை" என்று போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். நிழல் விழாமல் ஒரு பக்கமாக நின்று, இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டத்தோடு சமாந்தரமாகக் கிடந்தால் அது மலேரியா நுளம்பு இனமான அனோபிலிஸ். ஊத்தை வாய்க்காலில் நீண்ட குழலோடு கூட்டமாகத் தொங்குவது கியூலெக்ஸ். இரவில் காதுக்குள் ரீங்காரம் போட்டு நித்திரையைக் கெடுப்பது இதுதான். எல்லோரும் முறைப்பாடு செய்வது கியூலெக்ஸைப் பற்றி. டெங்கு நுளம்போ பகலில், காலை வெயில் ஏறும் நேரமும் பின்னேரமும், சத்தம் கேட்காமல் முழங்காலுக்குக் கீழே வந்து கடிக்கும்.

அனோபிலிஸ் விடயத்தில் இப்போது கூடுதல் கவனம் வேண்டும். 2012 ஐப்பசியோடு இலங்கையில் மலேரியா உள்ளூரில் தொடர்ந்து பரவுவது நின்றுவிட்டது, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது. அதே 2016இன் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் பட்டணங்களில் மலேரியாவைப் பரப்புகிற நுளம்பு அது. பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அதற்கும் பிடித்த இடம் கிணறும் சீமெந்துத் தொட்டியும்தான். நுளம்பு இருக்கிறது, கிருமி வெளியிலிருந்துதான் வரவேண்டும். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், டெங்குப் பரிசோதனையோடு மலேரியா இரத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்றால் மற்றவர்கள் செய்ய வேண்டியது அன்றே தொடங்குகிறது. காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழ ஐந்து நாள் வரை அவரைக் கடிக்கும் நுளம்பு கிருமியை எடுத்துக்கொள்ளும். ஆகவே நோயாளி பகலிலும் வலைக்குள் இருக்க வேண்டும். இரவில் மட்டும் வலை போட்டுப் பயனில்லை. கிருமி நுளம்புக்குள் வளர்ந்து அடுத்தவருக்குப் போக எட்டு முதல் பன்னிரண்டு நாள். கடிபட்டவருக்குக் காய்ச்சல் காட்ட இன்னும் நான்கு முதல் பத்து நாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு மூன்று கிழமை கழித்துக் காய்ச்சல் வரும்போது முதல் நோயாளியை எல்லோரும் மறந்திருப்பார்கள். இடையில் கிடைக்கிற அந்த ஒரு கிழமைதான் வேலை செய்யும் காலம். இந்த நுளம்பு பெரும்பாலும் நூறு இருநூறு மீற்றருக்கு மேல் பறக்காது. அதனால் நோயாளியின் வீட்டைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து வளவையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். ஒரு முறை இரத்தம் குடிக்க இரண்டு மூன்று பேரைக் கடிக்கும், முட்டையையும் ஒரே இடத்தில் இடாமல் பல பாத்திரங்களில் பிரித்து இடும். ஒரு வீடு மட்டும் சுத்தமாக இருந்து காரியமில்லை.

புகை அடித்தால் சரி என்ற எண்ணத்தை விட வேண்டும். புகை அந்த நேரம் பறக்கிற நுளம்பை மட்டும் கொல்லும். குடம்பிக்கும் முட்டைக்கும் அது ஒன்றும் செய்யாது. வீட்டுக்குள் உடுப்புக் கொடிக்குப் பின்னாலும் கட்டிலுக்குக் கீழேயும் இருக்கிற நுளம்பு, கதவு யன்னலைச் சாத்திவிட்டால் தப்பிவிடும். புகை வரும்போது சாப்பாட்டையும் தண்ணீரையும் மூடி, ஆட்கள் வெளியே வந்து, யன்னல்களைத் திறந்துவிட வேண்டும். பெரும்பாலும் எங்கள் சனம் செய்வது நேர்மாறு.

ஒழுங்கையில் முட்டை இன்னும் விழுகிறதா என்று அறிய ஒரு பொறி செய்யலாம். பால்மா தகரம் ஒன்றை உள்ளும் புறமும் கறுப்படித்து, விளிம்புக்குக் கீழே மூன்றிலொரு பங்கில் மழைத் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். பாதிக்குத் தண்ணீர் விட்டு, சொரசொரப்பான ஹார்ட்போட் துண்டு ஒன்றைப் பாதி நனையச் செருகி, நிழலில் முழங்கால் உயரத்தில் வையுங்கள். ஐந்தாம் நாள் துண்டை எடுத்துக் கறுப்புப் புள்ளி எண்ணி, எரித்துவிட்டு, தகரத்தைத் தேய்த்து மறுபடி வைக்கலாம். ஐந்தாம் நாள் எடுக்க முடியாதவர்கள் இதை வைக்கவே கூடாது. மறந்துவிட்ட பொறி நுளம்புப் பண்ணையாகிவிடும்.

கடைசியாகப் பூட்டிக் கிடக்கிற வீடுகள். வெளிநாட்டில் இருப்பவர்களின் வளவு ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒன்றாவது இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, ஆளில்லாத வளவுக்கும் உரிமையாளரே பொறுப்பு. ஆனால் கேற் பூட்டென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பெரும்பாலும் நோட்டீஸை ஒட்டிவிட்டுத்தான் போவார். வீட்டைப் பூட்ட முன் கொமட்டின் தண்ணீர்த் தொட்டிக்கு வரும் குழாயைப் பூட்டி, மூடியைத் திறந்து ஒரு தடவை தண்ணீர் அடித்து, தொட்டியை வெறுமையாக்குங்கள். கொமட்டுக்குள் நிற்கும் தண்ணீரில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, வாயைப் பொலித்தீனால் மூடி அகல ரேப்பால் சுற்றி ஒட்டுங்கள். குளியலறைத் தரையின் வடிகால் வாய்க்கும் அப்படியே. மேல் தாங்கியை வடியவிட்டு மூடியைக் கம்பியால் கட்டுங்கள். கிணற்றுக்கு வலை போட்டு, வலையில் விழும் சருகை மாதம் ஒருமுறை அள்ள ஒரு ஆளுக்குச் சொல்லி வையுங்கள். கேற் திறப்பு ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், அவவின் பிள்ளைகள்தான் அந்த வளவு நுளம்புக்கு நூறு மீற்றருக்குள் இருப்பவர்கள்.